நீறு பூத்த நெருப்பு: மலைத்தீயை மறித்தலும் முற்றாக அணைத்தலும்

மேற்குச் சரிவுகளில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் ஊவாவுக்கு மழை கிடைப்பதில்லை. மலைத்தொடரின் அந்தப் பக்கம் மழையை இறக்கிவிட்ட காற்று, இந்தப் பக்கம் உலர்ந்து இறங்குகிறது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை வீசும் இந்தக் கச்சான் காற்றில் அப்புத்தளை, ஹல்துமுல்லை, பண்டாரவளை, எல்ல, பசறைப் பகுதிகளின் மானாப்புல் பத்தனைகள் காய்ந்து வைக்கோல் போலாகின்றன. மாசி, பங்குனியிலும் ஒரு குறுகிய வரட்சி வருவதுண்டு. இக்காலங்களில் அணைக்காமல் எறிந்த ஒரு பீடித்துண்டு போதும், ஒரு மலையே கருகிப்போகும்.

இப்பாடம் புதிய இடத்தில் குடியேறியிருக்கும் விவசாயக் குடும்பங்களுக்கானது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது வீடு இழந்தோர் நம்மிடையே உள்ளனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்திலும் மண்சரிவிலும் எல்லாவற்றையும் விட்டு வந்தோரும் உள்ளனர். இப்படி இடம்பெயர்ந்தோருக்குக் கிடைக்கும் காணி பத்தனையின் ஓரமாகவோ, கைவிடப்பட்டுப் புல் மண்டிய தேயிலை மலையாகவோ, பைனஸ் தோப்பின் எல்லையாகவோ இருப்பதுண்டு. அங்கே நட்ட மரக்கறிப் பாத்திகளையும் கட்டிய கூரையையும் தீ கொண்டுபோனால், ஒரு குடும்பம் இரண்டாம் முறையும் வெறுங்கையோடு நிற்கும். இன்னொன்றும் உண்டு. மலையில் புகை கிளம்பினால், புதிதாக வந்தவர் மீதே முதற் சந்தேகம் விழுகிறது. ஆகவே தீயைப் பற்றிய அறிவு நமது நிலத்துக்கும் காவல், நமது பெயருக்கும் காவல்.

1. மறிப்பது வேறு, அணைப்பது வேறு

கடன், நெருப்பு, பகை மூன்றிலும் மிச்சம் வைக்கக்கூடாது என்பார்கள் நம் பெரியவர்கள். மலைத்தீயைப் பொறுத்தவரை இது அனுபவத்தில் கண்ட உண்மை. தீயணைப்பு இரண்டு வேலைகளைக் கொண்டது. முதலாவது, தீ மேலும் பரவாதபடி அதைச் சுற்றி மறிப்பது. இரண்டாவது, மறித்த எல்லைக்குள் கிடக்கும் கனலையெல்லாம் தேடித் தேடிக் குளிரவைப்பது. சுவாலை படுத்தவுடன் முதல் வேலை முடிகிறது. களைத்துப்போன நாமும் வீடு திரும்புகிறோம். இரண்டாவது வேலையைச் செய்ய ஆளில்லை. மறுநாள் பகல் காற்று எழும்போது அதே மலை மீண்டும் எரிகிறது.

வசதி மிகுந்த நாடுகளிலும் இப்படி நடந்திருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒக்லண்ட் நகரை ஒட்டிய மலைகளில் 1991 ஒக்டோபர் 19ஆம் திகதி ஒரு சிறிய புல்தீ ஏற்பட்டது. தீயணைப்புப் படையினர் அதை அடக்கினார்கள். மறுநாள் உலர்ந்த பலத்த காற்று வீசியது. எஞ்சிக் கிடந்த கனல் எழுந்து காய்ந்த புல், பைனஸ், யூகலிப்டஸ் மரங்கள் வழியே பரவியது. 25 பேர் உயிரிழந்தனர். சுமார் 3,000 வீடுகள் அழிந்தன. சரிவும் புல்லும் பைனஸும் யூகலிப்டசும் நமது ஊவா மலைகளிலும் உள்ளவையே.

2025 ஜனவரி 7ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பசிபிக் பலிசேட்ஸ் பகுதியில் மூண்ட பெருந்தீயும் இவ்வகையானதே. அவ்வாண்டு ஜனவரி முதலாம் திகதி ஏற்பட்டு அடக்கப்பட்ட ஒரு தீ, மண்ணுக்கடியில் வேர்களில் ஆறு நாட்கள் கனன்று கிடந்து, காற்றில் மீண்டும் எழுந்தது என்று அந்நாட்டு அரச விசாரணையாளர்கள் 2025 ஒக்டோபரில் அறிவித்தார்கள். நீறு பூத்த நெருப்பு என்று நாம் சொல்வது இதைத்தான்.

2. மலையில் தீ நடக்கும் விதம்

வயலில் வைக்கோல் எரிப்பதையும் சேனை எரிப்பதையும் பார்த்துப் பழகியவர்கள், அதே கணக்கில் மலைத்தீயை அணுகக்கூடாது. சமதரையில் தீ காற்றின் திசையில் போகும். மலையில் காற்றோடு சரிவும் சேர்ந்து தீயை நடத்துகிறது.

தீ மேல்நோக்கி ஏறும்போது அதன் சுவாலை, மேலேயுள்ள புல்லின் மீது சாய்ந்து அதை முன்கூட்டியே சூடாக்கிக் காயவைக்கிறது. அதனால் ஏறும் தீ ஓடுகிறது, இறங்கும் தீ ஊர்கிறது. சரிவு 10 பாகை கூடும் ஒவ்வொரு தடவையும் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது தீயணைப்பாளரின் கைக்கணக்கு. இரு மலைகளுக்கிடையில் உள்ள ஒடுங்கிய ஓடைவழி, வீட்டுப் புகைபோக்கி போல வேலை செய்யும். கீழே தீ இருக்கும்போது அதற்குள் எவரும் நிற்கக்கூடாது.

பகலில் வெயில் ஏற ஏறக் காற்று சரிவின் மேல்நோக்கி வீசும். இரவில் குளிர்ந்த காற்று கீழ்நோக்கி இறங்கும். ஆகவே மாலையில் அடங்கியதுபோல் தோன்றும் தீ, மறுநாள் பத்து மணிக்குப் பின் உயிர் பெறும். கீழ்நோக்கி வரும் ஆபத்து வேறு விதமானது. எரியும் பைனஸ் காய்களும் மரத்துண்டுகளும் உருண்டு கீழேயுள்ள பச்சைப் பகுதியில் விழுந்து புதுத்தீ மூட்டும்.

மலைத்தீ எவ்வளவு விரைவில் மனிதரைச் சூழ்ந்துகொள்ளும் என்பதற்குத் தமிழ்நாட்டில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலை ஒரு துயரச் சான்று. 2018 மார்ச் 11ஆம் திகதி அங்கே மலையேறச் சென்றிருந்த இளைஞர்களும் பெண்களும் காய்ந்த புல் மூடிய சரிவில் தீயிடம் அகப்பட்டனர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உயர்ந்த காய்ந்த புல்லில், ஏறும் தீயின் முன்னால் ஓடித் தப்புவது மிகக் கடினம். தீயின் தலைக்கு முன்னால் மேல்பக்கம் நிற்கக்கூடாது என்பதே நமது முதல் விதி.

3. தீயிடம் போகுமுன்

முதலில் அறிவிக்க வேண்டும். கிராம உத்தியோகத்தர், தோட்ட நிர்வாகம், வன பரிபாலனத் திணைக்கள அலுவலகம் ஆகியோருக்குச் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. பொலிஸ் 119. தீயணைப்பு 110. எந்த மலை, எந்தப் பாதையால் வரலாம், தீ ஏறுகிறதா இறங்குகிறதா, அருகில் வீடுகள் உண்டா என்பவற்றைச் சொன்னால் வருபவர்களுக்கு உதவும்.

பெரிய தீயைக் கிராமத்தவர் தனியே எதிர்க்க முயலக்கூடாது. 2025 பெப்ரவரியில் எல்ல பகுதியில் இராவண எல்ல ஒதுக்குக்காடு எரிந்தபோது விமானப்படையின் ஹெலிகொப்டர் கொண்டு வந்து நீர் வீச வேண்டியிருந்தது. சுவாலை நான்கு அடிக்கு மேல் உயர்ந்தால், கைக்கருவிகளோடு அதன் அருகே போகக்கூடாது. அவ்வேளையில் வீடுகளிலுள்ள முதியோரையும் பிள்ளைகளையும் கால்நடைகளையும் அப்புறப்படுத்துவதே நமது பணி.

சிறிய தீக்குப் போவதானாலும் நான்கு ஏற்பாடுகள் இல்லாமல் போகவேண்டாம்:

அ) தீயையும் காற்றையும் மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க ஒருவர். அவர் வேறு வேலை செய்யக்கூடாது.
ஆ) அவர் கூப்பிட்டால் எல்லோருக்கும் கேட்கும் வழி. விசில், தகரம், தொலைபேசி எதுவாயினும் சரி.
இ) தப்பி வர இரண்டு பாதைகள். ஒன்றைத் தீ மறித்தாலும் மற்றது இருக்கும்.
ஈ) போய்ச் சேர ஒரு பாதுகாப்பான இடம். அகன்ற ரோட்டு, வெறும் பாறைத்திட்டு, முழுதாக எரிந்து ஆறிய நிலம் ஆகியவை ஏற்றவை.

பருத்தி உடையும் சப்பாத்தும் அணியுங்கள். நைலோன் துணி உருகித் தோலில் ஒட்டும். தொங்கும் சேலைத் தலைப்பு வேண்டாம். பிள்ளைகள், கர்ப்பிணிகள், இளைப்பு நோயுள்ளவர்கள் தீயிடம் போகக்கூடாது. குடிநீர் கட்டாயம் கொண்டு போங்கள்.

4. தீயை மறித்தல்

தீக்கு மூன்று வேண்டும்: வெப்பம், காற்று, எரியும் பொருள். மலையில் நமது கைக்கு எட்டுவது மூன்றாவதே. தீ வரும் வழியில் எரிவதற்கு ஒன்றுமில்லாமல் செய்கிறோம். மம்பட்டியாலும் சுரண்டியாலும் வெறும் மண் தெரியும்வரை செதுக்கிய பாதையைத் தீக்கோடு என்போம்.

எங்கே தொடங்குவது? எரிய முடியாத ஓரிடத்திலிருந்து: ரோட்டு, ஓடை, பாறை, ரயில் பாதை. அங்கிருந்து தீயின் வால்பக்கத்தைப் பிடித்து, இரு விலாக்கள் வழியே மெல்ல முன்னேற வேண்டும். நடுவில் தொடங்கினால் தீ பின்பக்கமாகச் சுற்றி வந்து நம்மை மறித்துக்கொள்ளும்.

எவ்வளவு அகலம்? புல்லின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு என்பது குறைந்த அளவு. நான்கு அடிப் புல்லுக்கு ஆறு அடிப் பாதை. காற்று பலமானால் அதுவும் போதாது.

வெட்டியதை எங்கே போடுவது? எரியாத புல்லையும் சருகையும் தீ இல்லாத வெளிப்பக்கம் பரப்பி எறியுங்கள். எரிந்ததையும் கனல் உள்ளதையும் உள்பக்கம் எரிந்த நிலத்திலேயே போடுங்கள். இதை மாற்றிச் செய்தால் நாமே தீயைக் கோட்டுக்கு வெளியே கொண்டுபோனவர்களாவோம்.

தீக்குக் கீழே, சரிவின் குறுக்கே கோடு வெட்டும்போது வெறுமனே செதுக்கினால் போதாது. ஒரு கான் தோண்டி, எடுத்த மண்ணைக் கீழ்ப்பக்கம் வரம்பாகப் போட வேண்டும். உருண்டு வரும் கனல் அதில் தங்கும். தேயிலை மலையில் மண்ணரிப்பைத் தடுக்கக் கான் வெட்டிப் பழகிய கைகளுக்கு இது புதிய வேலை அல்ல.

தீ ஏறி வரும் சரிவின் நடுவே, அதற்கு மேலே நின்று கோடு வெட்டுவது உயிராபத்து. மேல்பக்கம் மறிக்க வேண்டுமானால் மலைமுகட்டைத் தாண்டி மறுசரிவில் வெட்ட வேண்டும். அங்கே தீயின் வேகம் தளரும். இதை வன உத்தியோகத்தரின் வழிகாட்டலோடு மட்டுமே செய்யுங்கள். எதிர்த்தீ வைப்பதும் அவர்களது வேலை, நமதல்ல.

சிறு புல்தீயைப் பச்சைக் கொப்பாலோ ஈரச் சாக்காலோ அடக்கலாம். ஓங்கி அடித்தால் பொறி பறக்கும். மேலே வைத்து அழுத்தி, எரிந்த பக்கம் நோக்கி இழுக்க வேண்டும். மருந்து தெளிக்கும் டாங்கியில் தண்ணீர் கொண்டு போவதானால் முதலில் அதை நன்றாகக் கழுவுங்கள். கிருமிநாசினி கலந்த நீராவி நெஞ்சைக் கெடுக்கும்.

5. முற்றாக அணைத்தல்

சுவாலை படுத்துவிட்டது. கோடு தீயைச் சுற்றி முழுதாக மூடிவிட்டது. இப்போதுதான் பொறுமை வேண்டிய வேலை தொடங்குகிறது. ஹெலிகொப்டர் நீர் வீசலாம், ஆனால் சாம்பலைக் கிளறிப் பார்க்க மனிதக் கைகளே வேண்டும்.

விளிம்பிலிருந்து உள்ளே: தீக்கோட்டை ஒட்டிய பகுதியே முதலில் ஆபத்தானது. அங்கே தொடங்கி உள்நோக்கிச் செல்லுங்கள். சிறு தீயானால் எரிந்த நிலம் முழுவதையும் பார்க்க வேண்டும். பெரிதானால் விளிம்பிலிருந்து குறைந்தது 100 அடி உள்ளேயாவது முற்றாகக் குளிர வேண்டும். கொழுந்து மலையில் நிரை பிடித்து நடப்பதுபோல ஆட்கள் வரிசையாக நின்று, ஓரடியும் விடாமல் பார்த்துச் செல்வது நல்லது.

கனல் ஒளியும் இடங்கள்: மானாப்புல்லின் தாள் விரைவில் எரிந்து தீரும், ஆனால் அதன் அடித்தூர் புகைந்துகொண்டிருக்கும். பைனஸ் ஊசியிலை மெத்தையின் மேல்பகுதி கருகியிருக்கும்போதே அடியில் தீ ஊர்ந்து போகும். யூகலிப்டஸ், சவுக்கு மரங்களின் பழைய அடிக்கட்டைகளில் தீ வேர்வழி இறங்கி, தீக்கோட்டுக்கு அடியாலேயே மறுபக்கம் போய்விடக்கூடும். காய்ந்த சாணம், உக்கிய மரம், கைவிடப்பட்ட தேயிலைச் செடியின் தடித்த தூர், கல்லிடுக்கில் சேர்ந்த சருகு ஆகியவற்றையும் பாருங்கள். வெள்ளைச் சாம்பல் கிடக்கும் இடம் நெடுநேரம் எரிந்த இடம். அதை விட்டுவிடக்கூடாது.

கண்டுபிடிப்பது எப்படி: கண்ணால் புகையையும், மூக்கால் வாடையையும், கையால் சூட்டையும் தேட வேண்டும். உள்ளங்கையால் அல்ல, புறங்கையால். முதலில் அருகே கொண்டுபோய் சூடு தெரிகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மட்டுமே தொடுங்கள். அதிகாலையிலும் அந்தியிலும் மெல்லிய புகை தெளிவாகத் தெரியும்.

தண்ணீர் இருந்தால்: ஊற்று, கிளறு, மறுபடி ஊற்று, தொட்டுப் பார். மேலே மட்டும் ஊற்றிய தண்ணீர் சாம்பலின் மீது ஓடிவிடும், அடிக்குப் போகாது. வாளித் தண்ணீரில் சிறிது சவர்க்காரத்தூள் கலந்தால் நீர் சருகுக்குள் நன்றாக இறங்கும். வரட்சியில் ஒரு வாளித் தண்ணீரைப் பீலியிலிருந்து மலைக்குச் சுமப்பதன் பாரம் நமக்குத் தெரியும். அதனால் நீரை வீசாமல், கனலைத் தேடி அதன் மேலேயே ஊற்றுங்கள்.

தண்ணீர் இல்லாவிட்டால்: மண்ணே நமது தண்ணீர். கட்டையில் ஒட்டிய கனலை மம்பட்டியால் சுரண்டி எடுத்து, குளிர்ந்த வெறும் மண்ணோடு கலந்து, பரப்பி, மறுபடி கிளறுங்கள். கட்டைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து, உருளாதபடி சரிவின் நேர்மேல்கீழாக வையுங்கள். இங்கே பலர் செய்யும் தவறு, கனலை மண் போட்டு மூடிவிட்டுப் போவது. கரி சுடுபவர்கள் விறகை மண்ணால் மூடுவது நெடுநேரம் புகைந்து கிடப்பதற்காகவே. மூடிய கனல் பல நாள் இருந்து, மழையில் மண் அகன்றதும் அல்லது காற்றுக்கு வழி கிடைத்ததும் எழும். மூடாதீர்கள், கலந்து குளிரவையுங்கள்.

அடிக்கட்டைகள்: அலவாங்கால் சுற்றிலும் தோண்டி வேர்களைத் தொடர்ந்து பாருங்கள். கோட்டை நோக்கிப் போகும் வேரை வெட்டி அகற்றுங்கள்.

இவ்வேலையிலும் ஆபத்து உண்டு. அடி எரிந்த மரம் சத்தமின்றிச் சாயும். நின்று எரியும் மரத்தின் கீழே போகவேண்டாம். வேர் எரிந்த பள்ளம் சாம்பலால் மூடியிருக்கும், கால் வைத்தால் முழங்கால்வரை சுடும். ஆகவே கம்பால் குத்திப் பார்த்து நடவுங்கள். புகையால் கலைந்த குளவிக்கூடு தோட்டத்து மக்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. யாருக்காவது சுட்டுவிட்டால் ஓடும் குளிர்நீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். பற்பசை, எண்ணெய், மஞ்சள் எதுவும் பூசாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

6. காவல் இருத்தல்

எரிந்த நிலத்தை விட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கக்கூடாது. முதல் இரவு இருவர் இருவராக முறை வைத்துக் காவல் இருங்கள். மறுநாள் காலை பத்து மணி முதல் மாலை மூன்று மணி வரை, காற்று எழும் நேரத்தில், கோட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். ஒரு நாள் முழுவதும் புகையும் சூடும் இல்லையென்றால் மட்டுமே தீ அணைந்தது எனலாம். அதன் பின்னரும் காற்று பலமாக வீசும் நாட்களில் ஒருவர் போய்ப் பார்ப்பது நல்லது. இந்த முறையில் புதிதாக வந்த குடும்பங்களும் பழைய ஊரவரும் சேர்ந்திருப்பது முக்கியம். ஒரே இரவில் ஒன்றாகக் காவல் இருந்தவர்கள், அடுத்த தீயின்போது ஒருவரை ஒருவர் சந்தேகிப்பது குறையும்.

7. கருகிய மலையும் ஐப்பசி மழையும்

ஊவாவில் தீயின் காலம் முடிந்தவுடன் மழையின் காலம் வருகிறது. ஒக்டோபரில் தொடங்கும் மழை, போர்வை இழந்த சரிவில் நேரடியாக விழும். மேல்மண் கரைந்து ஓடைக்குப் போகும், கான்கள் அடைபடும், ஊற்றுக்கண் வற்றும். மண்சரிவுக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் தாவரம் அழிந்த செங்குத்துச் சரிவில் மண்ணைப் பிடித்துவைக்க வேர் குறைவு என்பதை மறக்கக்கூடாது.

ஆகவே தீக்குப் பின் அந்நிலத்தைக் கொத்திப் பயிரிட அவசரப்படாதீர்கள். கருகிய தூர்களைப் பிடுங்க வேண்டாம், அவை மண்ணைப் பிடித்திருக்கின்றன. சமவுயரக் கோட்டில் கல்லும் கொப்பும் அடுக்குங்கள். கான்களைச் சுத்தம் செய்யுங்கள். வெட்டிய தீக்கோடு மழைநீர் ஓடும் வாய்க்காலாக மாறாதபடி இடையிடையே குறுக்கு வரம்பு போடுங்கள். நிலத்தில் வெடிப்போ புதிய நீர்க்கசிவோ கண்டால் உடனே கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்து அவ்விடத்தை விட்டு அகலுங்கள்.

8. தீ வருமுன்

இலங்கையில் காட்டுத்தீ பெரும்பாலும் மனிதரால் வருவது. மாட்டுக்கு இளம்புல் வேண்டி வைக்கும் தீ, வேட்டைக்காரர் வைக்கும் தீ, தோட்டம் துப்புரவாக்கும் தீ, குப்பைத்தீ, மலை பார்க்க வருவோர் விட்டுச்செல்லும் அடுப்பு ஆகியவை இதில் அடங்கும். ஒதுக்குக்காட்டில் தீ வைப்பது 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டப்படி குற்றம். இளம்புல் முளைப்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு தீயும் மரக்கன்றுகளைக் கொன்று மானாப்புல்லுக்கே இடம் கொடுக்கிறது. மானா கூடினால் அடுத்த தீ இன்னும் பெரிதாகும்.

மே மாதம் முடியுமுன் வீட்டைச் சுற்றியும் காணியின் எல்லையிலும் புல்லைச் செதுக்குங்கள். வெட்டிய புல்லை எரிக்காமல் மாட்டுத்தொழுவத்துக்கும் கூட்டெருவுக்கும் மரக்கறிப் பாத்தியின் மூடாக்குக்கும் பயன்படுத்துங்கள். கூரையில் தங்கிய சருகைத் தள்ளுங்கள். விறகை வீட்டுச் சுவரோடு அடுக்காதீர்கள். ஊருக்குப் பொதுவாகச் சில மம்பட்டி, சுரண்டி, அலவாங்கு, சாக்கு, ஒரு பீப்பாய்த் தண்ணீர் ஆகியவற்றை எல்லோரும் அறிந்த ஓரிடத்தில் வையுங்கள்.

கூட்டத்தில் கலந்துரையாட:

1. நமது குடியிருப்புக்கு மேலும் கீழும் உள்ள நிலத்தில் என்ன வளர்ந்திருக்கிறது? எத்திசையிலிருந்து தீ வந்தால் ஆபத்து கூடுதல்?
2. தீக்கோடு தொடங்கத்தக்க ரோட்டு, ஓடை, பாறை எவை? நடந்து பார்த்துப் படம் வரையுங்கள்.
3. முதியோரையும் பிள்ளைகளையும் யார், எப்பாதையால், எங்கே கொண்டுபோவது?
4. கடந்த வரட்சியில் அடங்கிய தீ மீண்டும் எழுந்ததா? எங்கே கனல் மிஞ்சியிருந்தது?
5. இரவுக் காவலுக்குப் பழைய ஊரவரையும் சேர்த்து முறைப்பட்டியல் தயாரிக்க யார் பொறுப்பேற்பார்கள்?